சென்னையில் ஆபரேஷன் முடிந்தது. இனி கொத்தமங்கலத்தில் யார் பார்ப்பது?

கொத்தமங்கலத்தான் | 2025 ஜூன் 3

ஆத்தாவுக்கு மார்பகப் புற்றுநோய். சென்னையில் ஆபரேஷன் முடிந்து தையலும் பிரித்தாயிற்று. அடுத்து கீமோ, பிறகு கதிர்வீச்சு, அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் மாத்திரை என்கிறார்கள். அப்பச்சி (அப்பா) இல்லை. நான் சிங்கப்பூரில், தங்கை கோயம்புத்தூரில். ஆத்தா வீட்டைப் பூட்டிவிட்டு வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். பெரிய டாக்டர்கள் இருக்கும் ஊரில் இருப்பதுதான் பாதுகாப்பு என்பது என் எண்ணம். சென்னையில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்து, ஆள் போட்டு, ஒரு வருஷம் அங்கேயே வைத்துக்கொண்டால் என்ன? நம்ம காரைக்குடிப் பக்கத்தில் இருந்தபடியே வைத்தியம் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரி | ஜூன் 3, இரவு

ஒரு வருஷமெல்லாம் வேண்டாம் தம்பி. எங்க ஆத்தாவுக்கும் இதே நோய்தான், 2018-ல. கூட இருந்து பார்த்தது நான்தான். எங்களுக்கும் ஆபரேஷன் சென்னை. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் இந்தப் பக்கம்.

பெரிய டாக்டர் எங்கே இருக்கார்னுதான் எல்லாரும் தேடுறோம். தேட வேண்டியது மூணு இடம். என்ன மருந்து, எத்தனை தடவைன்னு முடிவு பண்ற இடம் ஒண்ணு. அந்த மருந்தை ஏத்துற இடம் ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்குக் காய்ச்சல் அடிச்சா ஓடுற இடம் ஒண்ணு. முதல் இடம் எவ்வளவு தூரமா இருந்தாலும் சமாளிச்சுடலாம், வருஷத்துக்குச் சில தடவைதான். ரெண்டாவது, காலையில போயிட்டு விளக்கு வைக்கிறதுக்குள்ள வீடு திரும்புற தூரம். மூணாவது அரை மணி நேரத்துக்கு மேல போகக் கூடாது. மூணும் ஒரே கட்டடத்துல இருக்கணும்னு நினைக்கிறதாலதான் வாடகை வீடு தேடத் தோணுது.

நமக்கு முடிவுக்குச் சென்னை, ஏத்துறதுக்கு மதுரை இல்லாட்டி திருச்சி, காய்ச்சலுக்குக் காரைக்குடி. காரைக்குடியிலேர்ந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், 90 கிலோமீட்டர் சுமாருக்கு. கார்ல ரெண்டு மணி நேரம். மார்பக நோய்க்குக் குடுக்குற கீமோ பெரும்பாலும் டே-கேர். காலையில படுக்க வச்சு ஏத்திட்டுச் சாயங்காலம் அனுப்பிடுவாங்க. 21 நாளைக்கு ஒரு தடவைன்னு வச்சுக்கங்க, நடுவுல 20 நாளும் வீட்டுலதான். அந்த 20 நாளை ஆத்தா சென்னையில மூணாவது மாடி ஃபிளாட்டுல, பேர் தெரியாத ஆளோட, ஜன்னலைப் பார்த்துக்கிட்டு ஏன் கழிக்கணும்?

சென்னை டாக்டர்கிட்ட ஒரு தாள் கேட்டு வாங்குங்க. மருந்து பேர், உயரம், எடை, அதுக்கான அளவு, எத்தனை சுற்று, முன்னாடி போடுற வாந்தி ஊசி என்ன, ரத்த அணு எவ்வளவுக்குக் கீழே போனா தள்ளிப் போடணும், எல்லாம் எழுதி, கையெழுத்து, முத்திரையோட. கேட்கக் கூச்சப்படாதீங்க. ஊர் தூரம்னு சொன்னா எழுதித் தருவாங்க.

மதுரையில அதைப் பார்த்துட்டு, "இன்னொருத்தர் எழுதினதை நான் ஏத்த மாட்டேன்"னு சொல்றவங்களும் உண்டு. எங்ககிட்டயும் ஒருத்தர் சொன்னார். அப்ப எனக்குக் கோபம் வந்துச்சு, இப்ப இல்லை. ஏத்துறப்ப ஒண்ணு ஆனா பொறுப்பு அவர் தலையிலதானே. அப்படிச் சொன்னா ரெண்டு வழி. அடுத்த டாக்டரைப் பாருங்க. இல்லாட்டி வைத்தியத்தை முழுசா அவர்கிட்டயே ஒப்படைச்சுட்டு, சென்னையை ரெண்டாவது கருத்துக்கு மட்டும் வச்சுக்கங்க. ரெண்டு பேர்கிட்டயும் பாதிப்பாதி வைத்தியம் மட்டும் வேண்டாம்.

ஜூன் 4, காலை

ராத்திரி தூக்கக் கலக்கத்துல விட்டுப்போனது. காகிதம்.

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடியே பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன்ல எடுத்த சதையோட ரிப்போர்ட், ஈஆர் பிஆர் ஹெர்-2 ரிப்போர்ட் (கட்டிக்கு எந்த வகை மருந்து கேட்கும்னு சொல்றது), எக்கோ (இதய ஸ்கேன்), ஸ்கேன் படம் சிடியோட, டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாம் வாங்கிடுங்க. கூடவே பிளாக். வெட்டி எடுத்த சதையை மெழுகுல பதிச்சு வச்சிருப்பாங்க, அதுதான் பிளாக். எழுதிக் குடுத்துக் கேட்டா கிடைக்கும். ஹெர்-2 "ரெண்டு பிளஸ்"னு வந்துச்சுன்னா அதுல முடிவு தெரியாது, ஃபிஷ்னு இன்னொரு பரிசோதனை வேணும். அப்ப இந்த மெழுகுக் கட்டி இல்லாம ஒண்ணும் நடக்காது. அதுக்காகவே திரும்பச் சென்னை ஓடினவங்களைப் பார்த்திருக்கேன்.

பிளாக்கை வெயில்ல நிக்கிற காருக்குள்ள விட்டுட்டுப் போயிடாதீங்க, மெழுகு. எங்க வீட்டுல அப்பச்சி காலத்து இரும்புப் பெட்டகத்துக்குள்ள இருந்துச்சு. நகை போன பிறகு அதுக்கும் ஒரு வேலை.

எல்லாத்துக்கும் மேல ஒரே ஒரு தாள் எழுதி வைங்க. என்ன நோய், எந்தத் தேதியில என்ன நடந்துச்சு, இப்ப என்ன மருந்து, எதுக்கு அலர்ஜி, சர்க்கரை உண்டா. தடிமனான ஃபைலை ராத்திரி டியூட்டி டாக்டர் புரட்ட மாட்டார். அந்த ஒரு தாளைப் படிப்பார்.

ஜூன் 4, மதியம்

கேட்டிருந்தீங்களே, ஆபரேஷன் பண்ணின பக்கக் கையில ரத்தம் எடுக்கலாமான்னு. அக்குள்ல நெறிக்கட்டி எடுத்திருந்தா அந்தக் கையில ரத்தம் எடுக்கவோ பிரஷர் பார்க்கவோ வேண்டாம்னு சொல்வாங்க, வீக்கம் வரலாம்கிறதுக்காக. இந்த விஷயத்துல டாக்டர்கள் இப்ப முன்னளவுக்குக் கறாரா இல்லை. ஆனா லேப்ல வேலை பார்க்குற பிள்ளைக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரியாது. "இந்தக் கை வேண்டாம்"னு ஆத்தாவே சொல்லப் பழக்குங்க.

ஜூன் 7

தேவகோட்டை அண்ணே ஒருத்தர் எழுதியிருக்கார், "என் மக வீடு சென்னையில, மருமகன் நல்லா பார்த்துக்கிறார், எனக்கு மதுரையைவிடச் சென்னைதான் பக்கம்"னு. நியாயம். நான் 3-ஆம் தேதி எழுதினதுல கிலோமீட்டரை மட்டும் பிடிச்சுக்கிட்டேனோன்னு யோசிச்சேன். கூட ஆள் இருக்கிற இடம்தான் பக்கம். கீமோ ஏத்தின மூணாம் நாள் எழுந்திரிக்க முடியாதப்ப ரசம் வச்சுக் குடுக்க ஒரு ஆள் வேணும். அந்த ஆள் சென்னையில இருந்தா சென்னை, ஊருல இருந்தா ஊரு. தம்பி கேட்டது சம்பளத்துக்கு ஆள் வைக்கிற கதை. அது வேற.

கொத்தமங்கலத்துல ஆத்தாவுக்கு யார் இருக்கா? அதை எழுதலையே நீங்க.

கொத்தமங்கலத்தான் | ஜூன் 8

பக்கத்து வீட்டு ஆச்சியும், சின்ன வயதிலிருந்து வீட்டில் வேலை பார்க்கும் அக்காவும் இருக்கிறார்கள். கார் ஓட்டத் தெரிந்த பையன் ஒருவன் தெருவில் உண்டு. சித்தப்பா மகன் காரைக்குடியில் கடை வைத்திருக்கிறார். எழுதும்போதுதான் இவ்வளவு பேர் என்று தெரிகிறது.

பள்ளத்தூர்க்காரி | ஜூன் 8

அப்புறம் என்ன. சித்தப்பா மகன் போன் நம்பரைத்தான் எல்லாத் தாள்லயும் முதல் நம்பரா எழுதணும், உங்க நம்பரை இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு உங்களை எழுப்பி என்ன ஆகப்போகுது, நீங்க அங்கேர்ந்து இன்னும் நாலு பேரை எழுப்புவீங்க.

ஜூன் 12

காய்ச்சல். இதைத் தனியா எழுதணும்னு வச்சிருந்தேன்.

கீமோ ஏத்தின பிறகு வெள்ளை அணு இறங்கும். 7-ஆம் நாளிலேர்ந்து 14-ஆம் நாள் வரைக்கும் ரொம்பக் கீழே. அந்த நாள்ல வர்ற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் இல்லை. 100.4 டிகிரி தொட்டாலே ஆஸ்பத்திரி. உள்ளே போன ஒரு மணி நேரத்துக்குள்ள நரம்புல ஆன்டிபயாடிக் ஏறணும்கிறதுதான் உலகம் பூரா டாக்டர்கள் வச்சிருக்கிற கணக்கு. "காலையில மதுரைக்குப் போய்க்கலாம்"கிற பேச்சே கிடையாது. மூணாவது இடம்னு நான் சொன்னது இதுக்குத்தான்.

ஒரு ராத்திரி ஆத்தாவுக்கு 101. பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம், பேர் வேண்டாம். தொட்டுப் பார்த்துட்டு ஒரு பாராசிட்டமாலைக் குடுத்துக் காலையில வாங்கன்னு அனுப்பப் பார்த்தாங்க. அவங்களைச் சொல்லியும் குத்தமில்லை, வர்றவங்க எல்லாருக்கும் வைரல் காய்ச்சல் இருந்த மாசம். என் பையில மதுரை டாக்டர் எழுதிக் குடுத்த கடிதம் இருந்துச்சு. "இவர் கீமோவில் இருக்கிறார், காய்ச்சல் என்றால் உடனே சிபிசி, பிளட் கல்ச்சர், இந்த ஆன்டிபயாடிக் இந்த அளவு, பிறகு எனக்குப் போன் செய்யவும்." சிபிசின்னா ரத்த அணு எண்ணிக்கை, கல்ச்சர்னா ரத்தத்துல கிருமி இருக்கான்னு பார்க்கிறது. அந்தக் கடிதத்தை நீட்டினேன். டியூட்டி டாக்டர் சின்னப் பிள்ளை, படிச்ச உடனே முகம் மாறிடுச்சு. அவரே போன் பண்ணினார். அரை மணியில டிரிப் ஏறிடுச்சு. மறுநாள் மதியம் ஆம்புலன்ஸ்ல மதுரை.

அந்தக் கடிதத்தை முதல் கீமோ அன்னைக்கே கேட்டு வாங்கிடுங்க. அதோட, காய்ச்சல் இல்லாத ஒரு நாள்ல காரைக்குடி டாக்டரைப் போய்ப் பாருங்க. பிசிஷியன் (பொது மருத்துவர்) போதும், புற்றுநோய் டாக்டரா இருக்கணும்னு இல்லை. "இப்படி வந்தா இங்கே சேர்ப்பீங்களா, ராத்திரி ரத்தப் பரிசோதனை நடக்குமா, கல்ச்சர் பாட்டில் இருக்கா?" மூணு கேள்வி. இல்லைன்னா அடுத்த ஆஸ்பத்திரி. அரசுத் தலைமை மருத்துவமனையையும் போய்ப் பார்த்துட்டு வாங்க, ராத்திரி எந்த வாசல் திறந்திருக்கும்னாவது தெரியும்.

ஜூன் 13

நேத்து எழுதினதோட ஒண்ணு. தெர்மாமீட்டர் ரெண்டு வாங்குங்க, ஒண்ணு கட்டாயம் காணாமப் போகும். அளந்து பார்க்காம பாராசிட்டமால் குடுக்கக் கூடாது. காய்ச்சலை மறைச்சுடும், உள்ளே கிருமி அது பாட்டுக்கு வேலை பார்க்கும். ஆச்சிமார் கஷாயம் கொண்டு வருவாங்க. முள்சீத்தா இலை, கருஞ்சீரகம், இன்னும் என்னென்னமோ. மரியாதையா வாங்கி வச்சுக்கங்க. குடிக்கிறதுக்கு முன்னாடி டாக்டரைக் கேளுங்க, ஈரலுக்கு ஆகாதது எது, கீமோவோட சேராதது எதுன்னு நமக்குத் தெரியாது. எங்க வீட்டு மாதுளைச் செடி நிறையக் கஷாயம் குடிச்சுச்சு. நல்லாத்தான் காய்ச்சது.

ஜூன் 20

போக்குவரத்து கேட்டவங்களுக்கு.

புற்றுநோயாளிக்கு ரயில்ல சலுகை உண்டு, வைத்தியத்துக்கோ பரிசோதனைக்கோ போறப்ப. ஸ்லீப்பர்லயும் மூணாம் ஏசியிலயும் நோயாளிக்கு முழுசா இலவசம், துணைக்கு வர்றவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. உட்கார்ந்து போற செகண்ட் கிளாஸ், ஏசி சேர் காருக்கு ரெண்டு பேருக்குமே 75. ரெண்டாம் ஏசிக்கு 50. ஆஸ்பத்திரியில அதுக்குன்னு இருக்கிற படிவத்துல டாக்டர் எழுதித் தரணும்.

இதுல நம்ம ஊருக்கு ஒரு வேடிக்கை. சென்னைக்குப் போற பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியக்காலை காரைக்குடியிலேர்ந்தே கிளம்புற வண்டி, இடம் கிடைக்கும், ஆனா படுக்கை கிடையாது. ராமேஸ்வரத்துலேர்ந்து வர்ற ராத்திரி வண்டியில படுத்துக்கிட்டுப் போகலாம், நோயாளிக்குக் காசும் இல்லை. ஆபரேஷன் ஆன உடம்புக்குப் படுக்கைதான் சரி. கீழ் பெர்த் கேட்டு எழுதுங்க.

மதுரைக்கு ரயிலை நம்ப வேண்டாம். காரைக்குடியிலேர்ந்து நேர்ப் பாதையே இல்லை, மானாமதுரை போய்ச் சுத்தித்தான் போகணும். பஸ்ஸோ காரோ திருப்பத்தூர், மேலூர் வழி. திருச்சிக்கு நேர் ரயில் பாதை உண்டு. கார் வசதி இல்லாதவங்க மதுரையா திருச்சியான்னு குழம்பினா இதையும் கணக்குல எடுத்துக்கங்க. மகளிருக்கு இலவசம்னு ஒரு ஆச்சி மதுரை பஸ்ல ஏறி உட்கார்ந்த கதையும் நம்ம ஊருல உண்டு. அது டவுன் பஸ்ஸுக்கு மட்டும்.

ஜூன் 21

மேலே எழுதின சலுகை டிக்கெட்டை மொபைல்ல போட முடியலைன்னு ஒருத்தர். முடியாது. நோயாளி சலுகைக்கு ஸ்டேஷன் கவுன்ட்டருக்குத்தான் போகணும், படிவத்தோட. திரும்பி வர்றதுக்கும் சேர்த்தே போட்டுடுங்க.

ஜூலை 9

தம்பி முதல் கீமோ 1-ஆம் தேதி மதுரையில ஆச்சுன்னு எழுதியிருந்தீங்க. நல்லது. இன்னைக்கு 9-ஆம் நாள். வீட்டுக்கு ஆள் வருதா?

வரும். நம்ம பக்கம் உடம்பு சரியில்லைன்னா போய்க் கண்டுட்டு வராட்டி பகைங்கிற அர்த்தம். ஹார்லிக்ஸும் ஆப்பிளுமா வருவாங்க, ஒருத்தர் இருமிக்கிட்டே வருவாங்க. வர வேண்டாம்னு எப்படிச் சொல்றது? நான் முகப்புல, அதாவது வாசல் பக்கம், நாற்காலி போட்டு உட்கார வச்சேன். ஆத்தா உள் முற்றத்து வளவுக்குள்ள. நடுவுல பட்டாலை, பெரிய கூடம். "டாக்டர் உத்தரவு, தூரத்திலேர்ந்து பேசிக்கலாம்"னு சொன்னேன். இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டினவங்க என்னத்தை நினைச்சுக் கட்டினாங்களோ, எனக்கு அதுக்கு உதவுச்சு.

ஆனா அதே வீடுதான் வில்லனும். கக்கூஸ் பின்கட்டுல. வயித்தால போற ராத்திரியில வளவைத் தாண்டி, ரெண்டாங்கட்டைத் தாண்டி நடக்கணும். படுக்கையை ரெண்டாங்கட்டுக்கு மாத்துங்க. உங்க ஆத்தா கூடாதும்பாங்க, அங்கே படுத்தா ஊர் என்ன சொல்லும்பாங்க. சொல்லிட்டுப் போகட்டும்.

ஜூலை 10

ஒருத்தர் கேட்டிருக்கார், "அந்தக் காலத்துல நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு வைத்தியமே இல்லையா?"ன்னு. இதை எழுதாம விட முடியலை.

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்ச முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டைக்காரங்க. 1886-ல அங்கேதான் பிறந்தாங்க, அங்கே ஆம்பளைப் பிள்ளைங்க படிச்ச மகாராஜா காலேஜுல சண்டை போட்டுச் சேர்ந்து படிச்சாங்க. நம்மகிட்டேர்ந்து ஒரு மணி நேரம். அவங்க தங்கச்சி புற்றுநோய்ல செத்ததைப் பக்கத்துல இருந்து பார்த்ததுதான் அந்த ஆஸ்பத்திரிக்கு வித்து. 1954-ல 12 படுக்கையோட ஆரம்பம். அப்புறம் சாந்தா டாக்டர் அந்த வளாகத்துலயே குடியிருந்து 2021 ஜனவரியில சாகற வரைக்கும் பார்த்தாங்க. ஆக, புதுக்கோட்டை வீட்டுத் துக்கம் ஒண்ணு சென்னையில ஆஸ்பத்திரியாச்சு. நாம இன்னும் புதுக்கோட்டை ஸ்டேஷனைத் தாண்டித்தான் அங்கே போறோம். கோபமா பெருமையான்னு கேட்காதீங்க, ரெண்டும்தான்.

ஆகஸ்ட் 2

ரத்தப் பரிசோதனைக்குத் தனியா மதுரை போறதா எழுதியிருக்கீங்களே, ஏன்? கீமோவுக்கு ரெண்டு நாள் முன்னாடி காரைக்குடி லேப்ல குடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்புல அனுப்பினா போதும். அணு போதலைன்னா அங்கேயே "ஒரு வாரம் கழிச்சு வாங்க"ம்பாங்க, நாலு மணி நேர அலைச்சல் மிச்சம். எப்பவும் ஒரே லேப்ல குடுங்க, லேபுக்கு லேப் எண் கொஞ்சம் மாறும்.

வெள்ளை அணு ஏத்துற ஊசி கீமோ முடிஞ்சு 24 மணி நேரம் கழிச்சுத்தான் போடணும். அதுக்காக மதுரையில லாட்ஜ் எடுத்துத் தங்க வேண்டாம். ஊசியை ஐஸ் பெட்டியில எடுத்துட்டு வந்து ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல இல்லை. 2-லேர்ந்து 8 டிகிரி. மறுநாள் ஊர் நர்ஸ் வந்து தொப்புள் பக்கம் தோலுக்கடியில போட்டுட்டுப் போவாங்க. கரண்ட் கட்டான நேரம் ஃபிரிட்ஜைத் திறக்காதீங்க. உங்க வீட்டு அக்காகிட்ட இதைச் சொல்லி வைங்க, மோர் எடுக்கத் திறந்து திறந்து பார்ப்பாங்க.

ஆகஸ்ட் 3

காசு இல்லாத வீடுகளைப் பத்தி நான் ஒண்ணுமே எழுதலைன்னு ஒரு பொண்ணு கேட்டிருக்கு. நியாயமான கேள்வி.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம், புற்றுநோய் அதுல சேரும், பட்டியல்ல இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியிலயும் செல்லும். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ். ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முன்னாடியே அட்டையைக் காட்டணும், பணம் கட்டின பிறகு இல்லை.

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு கோரிப்பாளையத்துப் பெரிய கட்டடத்துல இல்லை, பாலரெங்கபுரத்துல. காலையில பஸ்ஸை விட்டு இறங்கி கோரிப்பாளையத்துல வரிசையில நின்னு, அப்புறம் அங்கே போங்கன்னு சொன்னா பாதி நாள் போச்சு. எந்தப் பிரிவு எங்கேன்னு முதல்லயே கேட்டுட்டுப் போங்க.

2025 பட்ஜெட்டுல எல்லா மாவட்ட ஆஸ்பத்திரியிலயும் மூணு வருஷத்துக்குள்ள டே-கேர் புற்றுநோய் மையம்னு அறிவிச்சாங்க, 2025-26-க்கு மட்டும் 200. நம்ம மாவட்டத்துக்கு எப்ப வந்தாலும் நான் சொன்ன ரெண்டாவது இடம், இப்ப 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நம்ம பக்கம் நெருங்கி வந்துடும். முதல் இடம் அப்பவும் சென்னையோ மதுரையோதான். அதுல தப்பில்லை.

செப்டம்பர் 18

தம்பியோட ஆத்தாவுக்கு அடுத்த மருந்து வாராவாரமாம், 12 வாரம், 23-ஆம் தேதி ஆரம்பம். "நீங்கள் 21 நாளைக்கு ஒரு தடவை என்றீர்களே, அதையே கேட்டு வாங்கலாமா?" என்கிறார். வேண்டாம். அந்த மருந்து, பாக்லிடாக்சல், வாராவாரம் குடுத்தா மார்பக நோய்க்கு நல்லா வேலை செய்யுது, உடம்பும் தாங்குதுங்கிறதுக்காகத்தான் அப்படி எழுதுறாங்க. தூரத்துக்காக ஊசி போடுற இடத்தை மாத்துங்க, மருந்தை மாத்தாதீங்க. "இதே பலன், குறைஞ்ச பயணம், அப்படி ஒரு வழி இருக்கா?"ன்னு கேட்கலாம், இருந்தா அவங்களே சொல்வாங்க.

கதிர்வீச்சுக்கு இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேளுங்க. முன்னெல்லாம் 5 வாரம், 25 தடவை. இப்ப நிறையப் பேருக்கு 3 வாரம், 15 தடவையில முடிக்கிறாங்க. அந்த 3 வாரம் மட்டும் மதுரையில வீடு எடுத்துத் தங்குங்க, உங்க வாடகை வீட்டு ஆசை அப்படியாவது தீரட்டும். தினம் போயிட்டு வர்றேன்னு கிளம்பாதீங்க, மெஷின்ல பத்து நிமிஷம், ரோட்டுல நாலு மணி நேரம். தோல் வெந்த மாதிரி இருக்கிறப்ப சீட் பெல்ட் உரசும். சனி, ஞாயிறு மெஷின் ஓடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊருக்கு வந்துடலாம்.

இந்த மருந்துல கால் விரல் மரத்துப்போகும். ஜூலையில கக்கூஸ் தூரம்னு எழுதினேன், இப்ப அதைவிடப் பெருசு நம்ம வீட்டு நிலைப்படி. ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு உயரம். மரத்த கால் எங்கே தூக்குதுன்னு தெரியாது. ஆத்தங்குடிக் கல் பதிச்ச தரை வேற, துடைச்ச ஈரத்துல கண்ணாடி கெட்டுது. வீட்டுக்குள்ள வார் வச்ச செருப்புப் போடணும். எங்க ஆத்தா கடைசி வரைக்கும் ஒத்துக்கலை, செருப்போட சாமி அறையைக் கடக்கிறதான்னு. துணி ஷூ வாங்கிக் குடுத்தேன், "இது செருப்பில்ல, காலுறை"ன்னு. ஒத்துக்கிட்டாங்க.

செப்டம்பர் 19

ஒரு அண்ணே தனியா எழுதியிருந்தார், இங்கேயே பதில் சொல்றேன், நிறையப் பேருக்கு ஆகும். அப்பச்சிக்கு நோய் முத்திடுச்சு, இனி மருந்து வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார், வலி தாங்கலை, மெடிக்கல்ல மார்ஃபின் கேட்டா முறைக்கிறாங்க.

மெடிக்கல்ல கிடைக்காது, அதுக்கு அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரியில வாங்கணும். 2014-ல போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி டாக்டர்களுக்கு எளிசாக்கிட்டாங்க, ஆனாலும் எல்லா இடத்துலயும் இருப்பு வைக்கிறதில்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில வலி நிவாரணப் பிரிவைக் கேளுங்க, சிவகங்கையோ மதுரையோ. நோயாளியைத் தூக்கிட்டுப் போகாம ரிப்போர்ட்டோட நீங்க போய் முதல்ல பேசுங்க. மாத்திரை ஆரம்பிச்சா மலச்சிக்கலுக்கும் அன்னைக்கே மருந்து கேளுங்க, மறந்துட்டா அதுவே பெரிய வலி. "மார்ஃபின் குடுத்தா சீக்கிரம் போயிடுவாங்க"ன்னு சொந்தக்காரங்க சொல்வாங்க. சரியான அளவுல குடுத்தா அப்படி இல்லை. வலி இல்லாம ரெண்டு வாய் சாப்பிடுவாங்க, தூங்குவாங்க.

2021 ஆகஸ்டுல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் இல்லை, படுத்த படுக்கையா இருக்கிறவங்களை வீட்டுக்கு வந்து பார்க்கிற நர்ஸும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்ப் பேர் பதிஞ்சாத்தான் வருவாங்க. தானா வருவாங்கன்னு காத்திருக்காதீங்க.

அக்டோபர் 9

தம்பி, ஐந்து வருஷ மாத்திரையைப் பத்தி இப்பவே கவலைப்படுறீங்க. அது இருக்கிறதுலயே லேசான வேலை. உங்க ஆத்தா வயசுக்கு லெட்ரோசோல் மாதிரி ஏதாவது எழுதுவாங்க. காரைக்குடியிலயே கிடைக்கும், விலையும் பயப்படுற மாதிரி இல்லை. எலும்பு மெலியும், அதுக்கு டெக்ஸா ஸ்கேன், கால்சியம். விட்டு விட்டுச் சாப்பிடுறதுதான் ஆபத்து. உடம்பு நல்லாயிடுச்சுன்னு நிறுத்தினவங்க நிறைய.

டாக்டர்கிட்ட செக்கப்புக்குப் போறது முதல் மூணு வருஷம் மூணிலேர்ந்து ஆறு மாசத்துக்கு ஒரு தடவை, அப்புறம் ரெண்டு வருஷம் ஆறு மாசமோ வருஷமோ, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணு. மறு மார்புக்கு வருஷா வருஷம் மேமோகிராம். நடுவுல ஒரு தடவை வீடியோவுல பார்க்கலாமான்னு கேளுங்க, 2020-லேர்ந்து அதுக்கு முறையான விதி இருக்கு. தொட்டுப் பார்க்க வேண்டிய தடவைக்கு மட்டும் நேர்ல. ஒரு தொந்தரவும் இல்லாம வருஷா வருஷம் உடம்பு பூரா பார்க்கிற பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லி யாராவது சொன்னா ஏன்னு கேளுங்க. எடுத்தா நல்லதுதானேன்னு நானும் ஒரு காலத்துல நினைச்சேன், டாக்டரே வேண்டாம்னுட்டார். ரிப்போர்ட்டுல ஒரு புள்ளி தெரிஞ்சு, அது ஒண்ணுமில்லைன்னு தெரியறதுக்குள்ள வீடே நோயாளியாயிடும்னார்.

கொத்தமங்கலத்தான் | அக்டோபர் 11

ஆத்தாவுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் போகிறது. 20-ஆம் தேதி தீபாவளிக்கு நான் வருகிறேன். 21 செவ்வாய். நானே கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன்.

பள்ளத்தூர்க்காரி | அக்டோபர் 11

டே-கேர் அன்னைக்கு உண்டான்னு கேட்டீங்களா? தீபாவளிக்கு மறுநாள் பல இடத்துல ஆள் குறைவு, மருந்து கலக்குற ஃபார்மசியில ஒருத்தர் லீவுன்னாலும் ஏத்த மாட்டாங்க. நாளைக்கே போன் பண்ணி, புதன்கிழமைக்கு மாத்த முடியுமான்னு கேளுங்க. மாத்தினா ரத்தப் பரிசோதனையும் ஒரு நாள் தள்ளும், தீபாவளியன்னைக்கு லேப் திறந்திருக்காது, சனிக்கிழமையே குடுத்தா அந்த ரிப்போர்ட்டை ஏத்துக்குவாங்களான்னும் சேர்த்துக் கேட்டுடுங்க. வெடிப் புகையில ஆத்தாவை முகப்புல உட்கார வைக்காதீங்க. நீங்க விமானத்துல வர்றீங்க, தும்மல் கிம்மல் இருந்தா முதல்ல நாற்காலி உங்களுக்குத்தான் முகப்புல.